மதினியின் திமிங்கிலம்

என்னிடம் ஒரு தகடு இருக்கிறது. மதினி அதை என் கையில் கொடுத்த நாளில் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம் இருந்தது. இப்போது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை எலி கடிக்கவில்லை, பூச்சி அரிக்கவில்லை. குறைத்தவன் நான்தான், தெரிந்தே குறைத்தேன். அதன் ஒரு விளிம்பு மாட்டுக் கொம்பைச் சீவி இழைத்தது போல வழவழவென்று இருக்கும். மறு விளிம்பு நார் நாராகப் பிரிந்து, வெள்ளையடிக்கிற மட்டையின் நுனியைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். தகடு சாம்பல் கலந்த கறுப்பு, நார் மட்டும் பழுப்பு. அடியில் கருகிப்போய், சின்னச் சின்ன முத்துகளாகத் திரண்டு இறுகியிருக்கும்.

கையில் வாங்கிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் ஒன்றையே சொல்கிறார்கள். பனை நாரா என்கிறார்கள். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் பிறந்தவர்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. கூரை பனை, கட்டில் பனை, கயிறு பனை, மழை தவறிய வருஷங்களில் சாப்பாடும் பனங்கிழங்கு. கடல் அவர்களுக்குக் கருவாட்டுக் கூடையில் வந்து சேரும் ஒரு வாடை, அவ்வளவுதான். இந்தத் தகடு ஒரு திமிங்கிலத்தின் வாய்க்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் திமிங்கிலத்தோடு நான் இரண்டு வருஷத்துக்கு மேல் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போயிருக்கிறேன். அதன் முதுகெலும்பின் மேல் உட்கார்ந்து கம்மங்கூழ் குடித்திருக்கிறேன்.

என் அண்ணனுக்கு எலும்பு வியாபாரம். அந்தக் காலத்தில் மாடு செத்தால் தோலுக்கு ஓர் ஆள் வருவார். தோல் போன பிறகு காட்டில் வெளுத்துக் கிடக்கும் எலும்புக்கு என் அண்ணன் போவார். பொறுக்கி வண்டியில் சேர்த்து, எலும்பை அரைத்து உரமாக்கும் மில்லுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். மழை பொய்த்தால் மற்றவர்கள் வாடுவார்கள், அண்ணன் வண்டி நிறையும். அதனால் ஊரில் அவரை யாரும் காலையில் எதிரே பார்க்க விரும்பமாட்டார்கள். எலும்பு தேடிச் சாயல்குடிக்குத் தெற்கே போனபோதுதான் மதினியைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். மதினியின் வீட்டார் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அவர் குள்ளமான, கறுத்த, சிரிக்கும்போது கண் மூடிக்கொள்ளும் பெண். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அண்ணனோடு வண்டியிலேயே சுற்றினார். நானும் வீட்டில் தங்காதவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, செங்கல் சூளை, பருத்தி மில், யுத்த காலத்தில் கரியைப் போட்டு ஓட்டிய பஸ்ஸில் கிளீனர் என்று அலைந்துகொண்டிருந்தேன். அதனால் எங்கள் வீட்டில் எனக்கும் மதினிக்கும்தான் ஒத்துப்போனது.

மூக்கையூர்ப் பக்கம் கரையில் பெரிய மீன் ஒன்று ஒதுங்கிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு அவர்கள் இருவரும் போயிருக்கிறார்கள். அண்ணன் அதை எலும்புக் கணக்கில்தான் பார்க்கப் போனார். போய்ப் பார்த்ததும் அவருக்கு அதை மில்லுக்குப் போட மனம் வரவில்லை, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று நினைத்தார். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலை வடத்தை எடுத்து, மூக்கு நுனியிலிருந்து வால் வரை அந்த உடம்பின் மேலேயே இழுத்துப் பிடித்து அளந்தார். எழுத்து அவருக்கு வராது. கண் இருக்கும் இடத்தில் ஒரு முடிச்சு, கைத்துடுப்புக்கு ஒன்று, தொப்புளுக்கு ஒன்று, முதுகுத் துடுப்புக்கு ஒன்று, வால் பிரியும் இடத்துக்கு ஒன்று என்று வடத்திலேயே போட்டுவைத்தார். பிறகு ஆள் வைத்துச் சதையை அரிந்து, மிஞ்சியதை மணலில் புதைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து தோண்டி எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஏற்ற வண்டி கொள்ளவில்லை. கீழ்த்தாடை இரண்டு, தோள்பட்டை ஒன்று, முதுகெலும்புக் கண்டங்கள் சில, சோழியைப் பெருக்கிவைத்தது போன்ற ஒரு காது எலும்பு, வாயிலிருந்து பிய்த்த தகடுகள் கொஞ்சம், இவற்றை மட்டும் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷம் அண்ணன் காலராவில் போய்விட்டார். நான் வந்து சேர்ந்தபோது மதினி வண்டியின் கீழே உட்கார்ந்து தாடை எலும்புக்குச் சுண்ணாம்பு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கொழுந்தனாரே, வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

"பஸ்ஸுல தொத்திக்கிட்டு வந்திருக்கேன் மதினி. மாடு அதவிட மெதுவாத்தான போகும்."

"அது பேச்சுக் கேக்கும். பஸ்ஸு கேக்காது" என்றார். அன்றிலிருந்து நான்தான் வண்டிக்காரன்.

எங்கள் காட்சிக்கு ஒரு முறை இருந்தது. சந்தை கூடும் இடத்தில் கொட்டகையை நீளவாக்கில் போடுவோம். உள்ளே முதலில் விரிப்பது எலும்பை அல்ல, கயிற்றைத்தான். கயிற்றைத் தரையில் நேராக இழுத்துக் கட்டி, அதன் இருபுறமும் சுண்ணாம்பால் அந்த உடம்பின் ஓரத்தை மதினி குனிந்து வரைந்துகொண்டே போவார். தலை கூர்ந்து, வயிறு பெருத்து, பின்னால் ஒடுங்கி, கடைசியில் வால் இரு பக்கமும் விரியும். வரைந்து முடிந்ததும் அந்தந்த இடத்தில் அந்தந்த எலும்பை வைப்போம். தாடை இரண்டையும் முன்னால் வளைவாக நட்டுவைப்போம். ஒவ்வொன்றும் என் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. வில்லைப் போல வளைந்திருக்கும். ஜனங்கள் காசு கொடுத்துவிட்டு அந்த வளைவு வழியாக, அதாவது வாய் வழியாக உள்ளே நுழைந்து, கயிற்றின் ஓரமாகவே நடந்து, வால் வழியாக வெளியே போகவேண்டும். சித்திரை வெயிலில் அந்த எலும்புக்கு வியர்க்கும். மாதக்கணக்கில் மண்ணில் கிடந்தும் உள்ளே இருந்த எண்ணெய் தீரவில்லை. எறும்பு வரிசை கட்டி ஏறும். துடைத்துத் துடைத்து என் துண்டு கடல் நாற்றம் பிடித்துப் போயிருந்தது.

மதினி பேசத் தொடங்கினால் சந்தை இரைச்சலுக்கு மேலே கேட்கும். கையில் ஒரு உடைமரக் கம்பு. "இந்தா, இங்ஙன இருக்கு மூக்கு. மண்டைக்கு மேல மூணு வரப்பு. நடுவுல ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. நம்ம புஞ்சை வரப்பு கணக்கா இருக்கும். வரப்பு முடியிற எடத்துல மூச்சு விடுற தொளை ரெண்டு. மீனு தண்ணிக்குள்ளயே மூச்சு விடும், இது மேல வந்துதான் விடும். மேல வந்து ஒரு ஊது ஊதுச்சுன்னா தண்ணித்தூள் பனை ஒசரத்துக்கு எந்திரிக்கும்." அடுத்த முடிச்சில் கம்பை வைப்பார். "இது கண்ணு. இம்புட்டு ஒடம்புக்கு மாட்டுக் கண்ணவிடச் சித்தப் பெருசு, அவ்வளவுதான். காது மடல் கெடையாது, ஊசித் தொளைதான். இது கை. துடுப்பு மாதிரி இருக்கும், ஆனா உள்ள வெரலு இருக்கு, நாலு வெரலு. முதுகுத் துடுப்பு கருக்கருவா மாதிரி வளஞ்சு ரொம்பப் பின்னால நிக்கும். வாலப் பாருங்க. மீனு வாலு நிக்கும், இது வாலு படுத்திருக்கும். மேலயும் கீழயும் அடிச்சுத்தான் போகும். மேல கருஞ்சாம்பலு, அடிவயிறு வெளுப்பு."

கயிற்றின் நடு முடிச்சை மட்டும் அவர் சீக்கிரம் தாண்டிவிடுவார். "தாடையிலேருந்து இந்தத் தொப்புள் வரைக்கும் நெடுக மடிப்பு" என்பார். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ஏத்தா, மீனுக்கு ஏது தொப்புளு?" மதினி கண்ணை மூடிச் சிரிப்பார். "அத அதுகிட்டத்தான் கேக்கணும்" என்று அடுத்த முடிச்சுக்குப் போய்விடுவார். எனக்கும் அவர் சொன்னதில்லை.

பல்தான் எங்களுக்குப் பெரிய தொல்லை. இவ்வளவு பெரிய வாயில் ஒரு பல்கூட இல்லை என்பதை யாராலும் ஏற்க முடியவில்லை. பல்லைப் பார்க்கவே பாதிப் பேர் வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துபோனது. பூவரசங் கட்டையில் செதுக்கி நாலு பல்லை வைத்தால் கூட்டம் இரட்டிக்கும் என்று ஒருமுறை சொன்னேன். தொழில் தெரிந்தவன் சொல்கிற யோசனைதான் அது. மதினி கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தார். "ஒங்க அண்ணன் அதோட வாய்க்குள்ள கைய விட்டுப் பாத்தாக. நானும் பாத்தேன். இல்லாத பல்ல நான் வச்சிட்டேன்னா, நாளைக்கு நீங்களே கேப்பீக, இந்த எலும்பாவது நெசந்தானா மதினின்னு" என்றார். அதற்குப் பிறகு நான் பல் பேச்சை எடுக்கவில்லை.

பல்லுக்குப் பதிலாக அவர் தகட்டைக் காட்டுவார். அந்த விளக்கத்தை அவரே யோசித்துச் செய்திருந்தார். கமலைச் சால் ஒன்றை வாங்கிவைத்திருந்தார். கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் தோல் பை. அதை மடித்துப் பிடித்துக் காட்டுவார். "தொண்டையில இருக்கிற மடிப்பு எதுக்குன்னா, இதுக்குத்தான். வாயத் தொறந்துக்கிட்டு ஒரு பாய்ச்சல். மடிப்பெல்லாம் விரிஞ்சு, சாலு ரொம்புற மாதிரி தொண்ட ரொம்பிரும். தண்ணியோட சேந்து பொடிமீனு, கூனிப்பொடி எல்லாம் உள்ள. அப்புறம் வாய மூடித் தண்ணியத் தள்ளும். மேத்தாடையில ரெண்டு பக்கமும் இந்தத் தகடு நெருக்கமா, சீப்புப் பல்லு மாதிரி நூத்துக்கணக்கில தொங்குது. நாரு உள்பக்கம் பாத்திருக்கும். தண்ணி வெளிய போயிரும், மீனு நாருல நின்னுரும். பதனிய பன்னாடையில வடிக்கிறோமில்ல, அதே மாதிரி." பன்னாடை என்றதும் கூட்டத்துக்குச் சட்டென்று விளங்கிவிடும். பனை மட்டையின் அடியில் சல்லடையாக இருக்கும் அதை எடுத்துத்தான் எங்கள் பக்கம் பதனீரை வடிகட்டுவார்கள். அந்த உவமையில் மதினிக்கு ரொம்பத் திருப்தி.

கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கும் ஊர்களில் வேறொரு தொல்லை. யோனா எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்பார்கள். ஓர் ஊரில் உபதேசியார் வேதப் புத்தகத்தோடு வந்து, தாடை வளைவுக்கு நடுவில் நின்று ஜெபம் செய்துவிட்டு அதையே கேட்டார். மதினி மரியாதையாகத்தான் சொன்னார்: "வாய்க்குள்ள தாராளமா நிக்கலாம் ஐயரே, குடும்பத்தோட நிக்கலாம். தொண்டைக் குழிதான் சிறுசு. பெரிய தேங்கா போறதே கஷ்டம்." உபதேசியார் வேதப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அப்ப அது வேற மீனு" என்றார். "வேற மீனாத்தான் இருக்கும்" என்று மதினி ஒத்துக்கொண்டார். இருவருக்கும் மனக்குறை இல்லாமல் முடிந்தது. ஆனால் தும்பு வியாபாரி ஒருவரோடு அப்படி முடியவில்லை.

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். திருச்சுழியில் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷத்தில் எங்களுக்குப் பெரிய கூட்டம் அதுதான். அதில் விட்டால் ஆடி வரை கஞ்சிக்கு வழியில்லை. அதற்கு முந்தின வாரம், திருச்சுழிக்கு மேற்கே ஒரு சந்தையில் கொட்டகை போட்டோம். அங்கே வந்தவர் தும்புக்காரர். பனந்தும்பு என்றால் பனை மட்டையின் அடியை நசுக்கிச் சீவி எடுக்கும் முரட்டு நார். பிரஷ் செய்யத் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறும். சுற்று வட்டாரத்தில் தும்பு எடுக்கிற குடும்பங்கள் எல்லாம் அவரிடம்தான் போடும். வெள்ளைச் சட்டை, தொந்தி, உரத்த குரல். கெட்ட மனிதர் இல்லை. தனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லுகிறவர்.

மதினி பன்னாடை உவமைக்கு வந்தபோது அவர் கையை நீட்டித் தகட்டை வாங்கினார். நாரை இழுத்தார், நீவினார், இரண்டு விரலால் உருட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பன்னாடை மாதிரின்னு சொன்னியே தாயி. மாதிரி என்னத்துக்கு? பனையேதான் இது. மட்டையச் சீவிச் சாயத்துல முக்கி, எண்ணெயத் தடவி வச்சிருக்க."

"இல்ல அண்ணாச்சி. இது கடல்ல உள்ளது."

"பொறந்ததுலேருந்து தும்பத் தொட்டுக்கிட்டிருக்கேன். எங்கிட்டயே தும்ப விக்கிறியா? ஏலே, எல்லாரும் பாத்துக்கோங்க. பல்லு செய்யத் தெரியல, தும்பக் கட்டித் தொங்கவிட்டுட்டாக. கயிறும் நம்ம பனை, நாரும் நம்ம பனை. மிச்சம் இருக்கிறது நாலு மாட்டெலும்பு."

கூட்டம் சிரித்தது. யாரோ ஒருவர், "வண்டி மாடு பத்திரம், அதையும் எலும்பாக்கிருவாக" என்றார். செத்துப்போன அண்ணனின் தொழிலை அறிந்தவர் ஒருவர், "அவரு பொறுக்குன எலும்புதானப்பா இது" என்று எடுத்துக்கொடுத்தார். அத்தோடு சிரிப்பு நின்று, ஏமாற்று வேலை என்ற பேச்சு எழுந்தது. சந்தைக்குப் பொறுப்பாக இருந்த அம்பலகாரரை அழைத்து வந்தார்கள். அவர் எலும்பையும் பார்க்கவில்லை, நாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தின் முகத்தைப் பார்த்தார். "பொழுது சாயிறதுக்குள்ள இது மீனுன்னு மெய்ப்பிச்சுரு. இல்லையா, கொட்டகையப் பிரிச்சுரு. திருச்சுழிக்கும் ஆள்விட்டுச் சொல்லிருவேன், அங்கயும் எடம் கெடைக்காது" என்றார்.

வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. கொட்டகைக்குள் நாங்கள் இருவர் மட்டும். மதினி முதுகெலும்புக் கண்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பூட்டிக் கமுதிப் பக்கம் போய்விடலாம் என்று நான் சொன்னேன். ஓர் இடம் ஒத்துவராவிட்டால் அடுத்த இடம் என்பதுதான் எனக்குத் தெரிந்த வாழ்க்கை.

"தும்புக்காரர் போகாத சந்த எது இருக்கு, கொழுந்தனாரே?" என்றார். "நமக்கு முன்னால அந்தப் பேச்சு போயிரும். அப்புறம் இத என்ன செய்ய? மில்லுக்காரன் ரெண்டு வாட்டி ஆளனுப்பிட்டான். கொண்டுபோய்ப் போட்டா ஒரு நாள்ல அரச்சுருவான். கத்திரிக்காச் செடிக்கு ஒரமாப் போயிரும்." உட்கார்ந்திருந்த எலும்பைக் கையால் தடவினார். "அவுக பாவம், எலும்பு பொறுக்கிங்கிற பேரோடயே போயிட்டாக. பொய்யன்னும் சேத்து எழுதிவிட நான் சம்மதிக்க மாட்டேன்."

எப்படி மெய்ப்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடலைச் சாட்சிக்கு அழைத்து வர முடியாது. மதினி எழுந்து வெளியே வந்து சந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கறிக்கடை காலி. அடுப்புச் சாம்பல் ஆறிக் கிடந்தது. அதையே பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, உடைமுள் கொஞ்சம் ஒடித்துவரச் சொன்னார்.

தீ மூட்டியதுமே கூட்டம் தானாகச் சேர்ந்துவிட்டது. மதினி தும்புக்காரரைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, தகட்ட நீங்களே எடுங்க. நான் எடுத்தா மாத்திட்டேம்பீக. ஒங்க மூட்டையிலேருந்து ஒரு பிடி தும்பும் கொண்டாங்க." தும்புக்காரர் யோசிக்கவே இல்லை. உள்ளே போய், இருந்தவற்றில் நீளமானதை, எல்லோரும் ஆசையாகத் தடவிப் பார்க்கும் தகட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஊரிலும் கை பட்டு உடைந்தது போக நல்லதாக மிஞ்சியவை நாலைந்துதான். இனியொரு திமிங்கிலம் எங்களுக்காகக் கரையேறப் போவதில்லை.

"மொதல்ல ஒங்களுது" என்றார் மதினி.

தும்பைத் தீயில் போட்டதும் குப்பென்று பற்றிப் படபடவென்று எரிந்தது. வெள்ளைப் புகை. எல்லா வீட்டு அடுப்பிலும் வருகிற வாடை. யாரும் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. ஒரு நொடியில் சாம்பலாகிக் காற்றில் போயிற்று. பிறகு மதினி தகட்டை வாங்கி, நார்ப் பக்கத்தைத் தணலில் நீட்டினார். அது பற்றவில்லை. சுருண்டது, உருகினாற்போலக் கொப்பளித்தது, கறுப்பு முத்துகளாகத் திரண்டு சொட்டப் பார்த்தது. புகை தரையோடு பரவியது. பிறகு வாடை வந்தது.

வெங்காயம் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவி, கூடைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "இந்நேரத்துல எவ வீட்டுலடி ஆட்டுத்தல வாட்டுறாக?" என்று கேட்டாள்.

அதுதான். ஆட்டுத் தலையையும் காலையும் தீயில் காட்டி மயிர் பொசுக்கும்போது வரும் அதே வாடை. கொம்பும் குளம்பும் மயிரும் கருகும் வாடை. எங்கள் பக்கத்தில் அதை அறியாத மூக்கு கிடையாது. அரிசி ரேஷனில் அளந்து கொடுத்த காலம். கறி கண்டு பல மாதம் ஆனவர்கள்தான் அங்கே அதிகம். கூட்டத்தில் பலர் எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன். எனக்கே பசித்தது. சந்தையில் அங்கங்கே படுத்திருந்த நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து, தீயைச் சுற்றி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. தும்பு எரிந்தபோது ஒரு நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை.

தும்புக்காரர் குந்தி உட்கார்ந்தார். ஆறிய முத்து ஒன்றை விரலால் நசுக்கி மூக்கில் வைத்தார். மறுபடியும் வைத்தார். அவர் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டது தொந்தியினால் மட்டும் இல்லை.

"தும்பு இல்ல" என்றார், அதே உரத்த குரலில். "கைக்குத் தும்பு. மூக்குக்குக் கொம்பு. இது உசுருள்ள ஒடம்புல மொளச்சது." அம்பலகாரர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். ஆனால் தும்புக்காரர் விடவில்லை. "இரும் ஓய். தாயி, ஒண்ணு கேக்கணும். மீனுக்கு மயிரும் கொம்பும் ஏது? அப்ப இது மீனும் இல்லையே."

மதினி தகட்டை மணலில் குத்தி அணைத்தார். "இல்ல அண்ணாச்சி. மீனு இல்ல" என்றார். அவர் குரல் காட்சிக்குப் பேசும் குரலாக இல்லை. வீட்டில் பேசுகிற குரல். "இது குட்டி போடுற சாதி. அதுக்குத்தான் தொப்புளு. நாங்க போனப்ப அதுக்கு உசுரு இருந்துச்சு. மூச்சு விட்டுச்சு, ஒடம்பு வெதுவெதுன்னு இருந்துச்சு. அடிவயித்துல ரெண்டு மடிப்பு, அதுக்குள்ள காம்பு. அதுலேருந்து பாலு மணல்ல வடிஞ்சுது. கெட்டியா, எருமப் பாலவிடக் கெட்டியா. குட்டி கடல்லதான் எங்கயோ நின்னுருக்கணும். இத நான் எந்த ஊருலயும் சொன்னதில்ல. பல்லு இல்லன்னதையே நம்பல. பாலுன்னா நம்புவீகளா?"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்பலகாரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் போனார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவருக்குப் பின்னால் மற்றவர்கள். பெண்கள் கயிற்றின் நடு முடிச்சு இருந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையின் காலை அந்த முடிச்சில் தொடவைத்தாள். மதினி வளைவுக்கு வெளியே நின்று யாரையும் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அன்று எங்களுக்குக் கிடைத்தது என்ன என்று எனக்கு நினைவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது. தும்புக்காரர் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தனுப்பியிருந்தார்.

திருச்சுழியில் அந்த வருஷம் எங்களுக்குச் சத்தம் போட ஆளே தேவைப்படவில்லை. தும்புக்காரர் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, "நானே நம்பல அப்பா, என் கண்ணு முன்னால கொளுத்துனாக, மோந்து பாத்தேன்" என்று வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உடனே தொழில் புத்தி வந்தது. ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் நாரைக் கொளுத்திக் காட்டலாம், ஜனம் அள்ளும் என்றேன். மதினி இதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "சந்தேகப்பட்டுக் கேக்குறவுகளுக்கு மட்டும் கொளுத்துவோம். கேக்காதவுகளுக்குக் கொளுத்துனா அது வெறும் வாண வேடிக்கை" என்றார். அது ஒரு நல்ல ஏற்பாடு. அன்றிலிருந்து காட்சியில் பாலைப் பற்றியும் சொன்னார். தொப்புள் முடிச்சை அவசரமாகத் தாண்டுவதை விட்டுவிட்டார்.

அடுத்த மழைக்குப் பிறகு எனக்கு மறுபடியும் கால் நிலைகொள்ளவில்லை. பம்பாய்க்குப் போனேன். நான் கிளம்பும்போதுதான் கருகிய தகட்டை மதினி என்னிடம் கொடுத்தார். "நமக்காகச் சாட்சி சொன்னது இது. ஒம்மகிட்ட இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு அவர் வேறோர் ஆளை வைத்துக்கொண்டு மல்லாங்கிணறு, காரியாபட்டி என்று பல வருஷம் ஓட்டினார். கால் வீங்கி நடக்க முடியாமல் போனதும் பாளையம்பட்டியில் வீடு பார்த்து உட்கார்ந்தார். தாடை இரண்டையும் வாசலில் வளைவாக நட்டு, பீர்க்கங்கொடியை ஏற்றிவிட்டார். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் அவர் வீட்டுக்குள் போவேன். கடைசியில் ஒரு கல்லூரியிலிருந்து வந்து எலும்புகளைக் கேட்டார்கள், சும்மாவே கொடுத்தார். மில்லுக்குப் போகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையைப் போட்டார். இப்போது அது ஒரு பெரிய அறையில் இரும்புத் தாங்கியின் மேல் நிற்கிறது. பக்கத்து அட்டையில், பல்லில்லாத வகை, பாலூட்டி என்று எழுதியிருக்கிறது. படித்துவிட்டு எல்லோரும் அப்படியே நம்பிப் போகிறார்கள். மதினிக்கு அந்தப் பாலை வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு காலம் பிடித்தது என்று நினைத்துக்கொண்டேன். கயிற்றை அவர் கொடுக்கவில்லை. அவர் போனபோது அதைச் சுருட்டி அவருடைய சவப்பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டோம்.

தகடு என்னோடு இருக்கிறது. பம்பாயில் ஒரு மில் லைன் வீட்டில், நாகப்பட்டினத்தில் ஒரு லாட்ஜில், திருச்சிக்குப் போகும் ரயிலில் என்று எத்தனையோ இடங்களில் கேட்டவர்களுக்கு விளிம்பைக் கொஞ்சம் கொளுத்திக் காட்டியிருக்கிறேன். குறைந்தது அப்படித்தான். அதற்காக நான் வருந்தவில்லை. வைத்துப் பூட்டியிருந்தால் அது பனை நாராகவே கிடந்திருக்கும்.

போன வாரம் வீட்டுக்கு வயரிங் வேலைக்கு ஒருவர் வந்தார். நடுத்தர வயது, கெட்டிக்காரர். ஏணியிலிருந்து இறங்கியவர் மாடத்தில் இருந்த தகட்டை எடுத்துப் பார்த்தார். "இது திமிங்கிலத்தோட வாயில இருந்தது" என்றேன். அவர் நாரை விரலால் உருட்டினார். "பெரியவரே, எங்க மாமனாரு வீட்டுல தும்பு வேலைதான். இது பனை" என்று சிரித்தார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லிவிட்டு, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். நார் சுருண்டு கொப்பளித்தது. அவர் முகம் மாறுவதைப் பார்க்க நான் அவர் பக்கம் திரும்பவில்லை. தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரான்ஸ்ஃபார்மரின் நிழலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிற்று. எழுந்து, சோம்பல் முறித்து, எங்கள் வாசலை நோக்கி நடந்து வந்தது.